ஆறரை மணிக்கு நின்ற மோட்டார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். ராமேசுவரம் தீவில், அக்காள்மடத்தில் நாங்கள் இன்றும் குடியிருக்கிற இதே வாடகை வீட்டில்தான் நடந்தது. வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரியான அனுபவம் இல்லை. ஆனால் மறக்க முடியாதது எது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிறந்தது முதுகுளத்தூர் பக்கம், நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர். கடற்கரை மக்களோடு பழக்கம் வந்ததே மாற்றலாகி இங்கே வந்த பிறகுதான். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய சிற்றலை ரேடியோக்களை வாங்கிச் சேர்ப்பேன். இந்தக் கரையில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ரேடியோ இருந்திருக்கிறது. புயல் செய்திக்கும் அக்கரை இலங்கை வானொலியின் பாட்டுக்கும் வைத்திருந்தவை. இப்போது பரணில் உப்புக்காற்று தின்று கிடக்கும். அதை வாங்கிவந்து துரு சுரண்டி, ஊதிப்போன கெப்பாசிட்டரை மாற்றி, பேச வைத்துவிடுவேன். அப்போது என்னிடம் இருபத்தோரு ரேடியோ இருந்தது. என் கணவர் ராமநாதபுரத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. விருந்தாளிகள் வந்தால், இருபத்தோரு பேர் எந்நேரமும் இரைகிற வீட்டில் தன் பேச்சு எடுபடுவதில்லை என்று அலுத்துக்கொள்வார்.

சேர்ப்பது மட்டுமில்லை, கேட்கவும் கேட்பேன். தூரத்து நிலையம் ஒன்று காதில் விழுந்தால், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், என்ன கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று குறித்து அந்த நிலையத்துக்கு அனுப்புவோம். சரியாக இருந்தால் அவர்கள் ஒரு அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைக்காக நாங்கள் படுகிற பாடு மற்றவர்களுக்குப் புரியாது. அந்த ஆடி மாதம் நான் துரத்திக்கொண்டிருந்தது பசிபிக் கடலில் இருக்கிற ஒரு சின்னத் தீவின் நிலையத்தை. மாலை ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம் மட்டும் மெலிசாக எட்டிப்பார்க்கும். மாதக் கடைசியோடு சிற்றலையை மூடப்போவதாக அறிவித்திருந்தார்கள். விட்டால் பிறகு கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் இரைச்சல் ஆரம்பித்தது. டயலை எங்கே திருப்பினாலும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரே பொரிச்சல். பேட்டரியில் ஓடுகிற சின்ன ட்ரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கிருந்து வருகிறது என்று வீட்டைச் சுற்றி நடந்தேன். பக்கத்து வீட்டை ஒட்டிய வெளிச்சுவருக்குப் போனபோது இரைச்சல் கூடியது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் விர்ரென்று ஓடுகிற சத்தமும் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு மீனவக் குடும்பம். கணவன், மனைவி, எங்கள் பள்ளியில் என் வகுப்பில் பிளஸ் டூ படிக்கிற மகள். அவர்களுடைய வள்ளத்தின் இன்ஜின் பழுதாகி, அவர் அடுத்தவர் வள்ளத்தில் போய்வந்துகொண்டிருந்தார். அந்த மாதம்தான் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, கடல் தண்ணீர் நிரப்பி, லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறாலை உயிரோடு வாங்கி விடத் தொடங்கியிருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஏற்றுமதிக் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும். அதுவரை சிங்கி சாகாமல் இருக்கத் தண்ணீருக்குள் காற்று விட ஒரு சின்ன மோட்டார் இராப்பகலாக ஓடும். தொட்டி வந்ததும் இரைச்சல் வந்ததும் ஏறக்குறைய ஒரே வாரம். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது அவர்கள் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை மட்டும் மோட்டாரை அணைத்துவைக்க முடியுமா, இந்த மாதம் முடியும்வரை போதும் என்று. அந்த வீட்டு அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உடனே, "சரி டீச்சர்" என்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எவ்வளவு நல்ல மனுஷி என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அன்று மாலை கவனம் சிதறக் கூடாதென்று வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டயல் வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. ஏழு மணி வாக்கில் அந்தத் தீவின் பாட்டு ஒன்று, கடலுக்கு அடியிலிருந்து வருவதுபோல மிதந்து வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. பேரைச் சொல்கிற அறிவிப்பு மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் கேட்டால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் குறிப்பு நோட்டில், 'இரைச்சலுக்குக் காரணம் பக்கத்து வீட்டு மோட்டார், உறுதி' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகவில்லை, பொரிச்சல் மறுபடி வந்துவிட்டது. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாள் ஏழு மணிக்குத் திடீரென்று தொடங்கியது. இப்படியே ஒரு வாரம், பத்து நாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். எனக்குச் சரி என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அணைத்துவைத்துவிட்டு, நான் ரேடியோவில் மூழ்கிய பிறகு சத்தமில்லாமல் போட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், இதுகூட ஒரு மனிதருக்கு விட்டுக்கொடுக்க முடியாதா என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவைத் தெருவில் பார்த்தால்கூடச் சிரிக்கவில்லை.

மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. அன்று ஏழு மணிக்கு இரைச்சல் வந்ததும் எழுந்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. என் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கக் கேட்க, ட்ரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போனேன்.

அங்கே நான் பார்த்தது இதுதான். தொட்டியின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் அவள். இருவர் கையிலும் வாளி. தொட்டித் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுகிறார்கள். அவர் ஊற்றி முடிக்க அவள் ஊற்றுகிறாள். அது அவர்கள் வீட்டில் ஜெபமாலை சொல்கிற நேரம். ஜெபத்தில் பாதியை அவர் சொல்ல, மீதியை அவள் சொல்ல, வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை. சேலை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. மோட்டாரின் ஒயர் பிளக்கிலிருந்து பிடுங்கிச் சுவரில் ஆணியில் சுற்றித் தொங்கியது.

இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து விழுகிற தண்ணீர் காற்றையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போகும். மோட்டார் செய்ய வேண்டியதை இரண்டு பேர் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் வாளியை வைத்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நாங்க போடல டீச்சர். வேணும்னா தொட்டுப் பாருங்க, மோட்டாரு சூடுகூட இல்ல."

நான் ஒன்றும் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ட்ரான்சிஸ்டர் என் கையில் பொரிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கரண்டு போகும்போது செய்வதைத்தான் செய்கிறோம் என்றார் அவர், என்னவோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. முதல் இரண்டு நாள், ஒரு மணி நேரம்தானே என்று சும்மா விட்டுவிட்டார்களாம். ஆடி வெக்கையில் தண்ணீர் சூடேறி ஏழு சிங்கி செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் தினமும் வாளி. அப்படியும் அடுத்த வண்டிக்குள் நாலு போய்விட்டது. செத்ததைக் கம்பெனி வாங்காது. வண்டிக்காரர் இரண்டு தடவை முகம் சுளித்துவிட்டு, மூன்றாவது தடவையும் செத்தது இருந்தால் இந்த வீட்டு வாசலில் வண்டி நிற்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வள்ளமும் இல்லாத நேரத்தில் அவர்களுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். வண்டி வர இன்னும் இரண்டு நாள்.

நானே போய் ஒயரை அவிழ்த்து பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். இனிமேல் ஒரு நிமிஷம்கூட அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மோட்டார் விர்ரென்று ஓடத் தொடங்கியது. அது ஓடுவதற்கும் ஓடாததற்கும் என் ட்ரான்சிஸ்டரின் இரைச்சலில் எந்த வித்தியாசமும் இல்லை.

இரைச்சலைத் தேடுவதற்கு எங்களைப் போன்றவர்களிடம் ஒரு பாலபாடம் உண்டு. பேட்டரி ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் உன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு இதை நானே நீளமாக எழுதியிருக்கிறேன். அதை நான் செய்யவில்லை. செய்யத் தோன்றவே இல்லை. பழைய ரேடியோவோடு பழகியவள், என் வீட்டுக்குள் எது கத்தும் எது கத்தாது என்று எனக்குத் தெரியாதா என்கிற எண்ணம்.

ட்ரான்சிஸ்டரோடு என் வீட்டுக்குள் நுழைந்தேன். வெளிச்சுவரில் இரைச்சல் ஏன் கூடியது என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் மீட்டர் பெட்டி இருப்பது அந்தச் சுவரில்தான். கூடத்துக்கு வர வர இன்னும் கூடியது. ஷோகேஸ் பக்கம் போனபோது காதை அடைக்கிற அளவுக்குக் கத்தியது.

அந்த ஷோகேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் ஆசாரியை வைத்துச் செய்தது. பள்ளி திறந்த பிறகு, பக்கத்து வீட்டில் தொட்டி வந்த அதே வாக்கில்தான், என் கணவர் ராமநாதபுரத்திலிருந்து எல்.இ.டி. பட்டி விளக்கு வாங்கிவந்து அவர் கையாலேயே தட்டுக்குத் தட்டு ஒட்டினார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் என் இருபத்தோரு ரேடியோவும் நகைக்கடை மாதிரி இருக்கும். கிண்டலே பண்ணிக்கொண்டிருந்த மனுஷன் எனக்காக இவ்வளவு செய்தாரே என்று நெகிழ்ந்துபோயிருந்தேன். வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் போடுகிற முதல் சுவிட்ச் அதுதான்.

நான் அதை அணைத்தேன். இரைச்சல் பட்டென்று நின்றது. போட்டேன், வந்தது. அணைத்தேன். என் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரைச்சல் வந்த நாளெல்லாம் அவர் சீக்கிரம் வந்த நாள். இரைச்சல் இல்லாத நாளெல்லாம் அவர் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து, நான் இருட்டில் உட்கார்ந்திருந்த நாள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டது மட்டும் அப்படியே இருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் அசிங்கம். காலையில் அந்தப் பெண்ணிடம், கோளாறு சரியாகிவிட்டது, மோட்டார் தாராளமாக ஓடட்டும் என்று மட்டும் சொன்னேன். எங்கே கோளாறு, யாருடையது என்று சொல்லவில்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மாலையில் ஒரு தூக்கில் நண்டுக் குழம்பு வந்தது. என்னால் வாயில் வைக்க முடியவில்லை. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, அவர்களுக்குக் கஷ்டம் கொடுத்தது நீ, குழம்பு கொடுத்தது அவர்களா என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். நான் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

கணவனும் மனைவியும் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஷோகேஸ், விளக்கு, நோட்டு, அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைத்தது, எல்லாம். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம் என்று அவர் எழுந்துவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. வலையின் ஒரு சிக்கை நகத்தால் பிரித்தாள்.

"உங்க வீட்டுல பாத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துருக்கலாம்ல டீச்சர்" என்றாள்.

வந்திருக்கலாம்தான். ஆனாலும் நான் விடாமல், தண்ணீர் ஊற்றுகிற கஷ்டத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் கேட்டதற்கு முடியாது என்று சொல்லியிருக்கலாமே, நான் என்ன செய்துவிடப்போகிறேன் என்று கேட்டேன். அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மோட்டார அணைக்கச் சொல்லிட்டுப் போகையில, வாசல்ல நின்னு, 'உன் பிள்ள பிராக்டிகல்ல இன்னும் கவனமா இருக்கணும், நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்'னு சொன்னீக டீச்சர். மார்க்கு உங்க கையில இருக்கு. அதுக்கு மேல நாங்க எப்படி முடியாதுன்னு சொல்றது?"

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எந்தப் பெற்றோரைப் பார்த்தாலும் நான் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. அக்கறையோடு சொல்வதுதான். வாசலைத் தாண்டுவதற்குள் மறந்திருப்பேன். அதை அவர்கள் பத்து நாளாக வாளியில் தூக்கித் தூக்கி ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மார்க்கில் கை வைக்க நான் கனவிலும் நினைக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் வண்டி வந்தபோது நானும் அவர்கள் வாசலில் போய் நின்றேன். தொட்டியில் இரண்டு சிங்கி செத்து மல்லாந்திருந்தது. முன்பே சோர்ந்துபோனவை, மோட்டார் ஓடியும் பிழைக்கவில்லை. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடப் போனார். அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குறுக்கே போய், இது அவர்கள் குற்றம் இல்லை, நான் சொல்லித்தான் மோட்டாரை அணைத்தார்கள், என் வீட்டுக் கோளாறை இவர்கள் தலையில் போட்டுவிட்டேன் என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் யார் என்று அவளிடம் விசாரித்தார். அப்புறம், "டீச்சரே சொன்னா சரித்தான்" என்று பெட்டியைத் திறந்து உயிரோடு இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார். அடுத்த நடையும் வந்தார். இன்றும் வருகிறார். நான் சொன்னது உண்மை என்பதற்காக ஒத்துக்கொண்டாரா, சொன்னது டீச்சர் என்பதற்காகவா என்ற குறுகுறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை. எந்தச் சொல்லால் அவர்களுக்குத் துன்பம் வந்ததோ, அதே மாதிரிச் சொல்லால்தான் அது தீர்ந்தும் போனது.

அந்தத் தீவு நிலையத்தை நான் அப்புறம் தேடவில்லை. மாதம் முடிந்தது, அவர்களும் மூடிவிட்டார்கள். ஷோகேஸ் விளக்கை என் கணவரே பிரித்து எடுத்தார். உன் பொருட்டு வாங்கியது உனக்கே எதிரியாகப் போச்சே என்று வருத்தப்பட்டார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. பேசினாள், ஆனால் ஒரு அளவோடு. எதைக் கேட்டாலும், "சரி டீச்சர்", "ஆகட்டும் டீச்சர்". அந்த 'சரி' ஒவ்வொன்றும் எனக்குத் தைத்தது. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். இப்போது நான் அவளுக்கு மார்க் போடுகிறவள் இல்லை.

போன ஆடியில் கச்சான் காற்று அடித்து, மாடியில் கட்டியிருந்த என் ஏரியல் கம்பி அறுந்து தொங்கியது. ஏறிக் கட்டலாம் என்று பக்கத்து வீட்டில் ஏணி கேட்கப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னைக்குத் தர முடியாது டீச்சர். கூரையில வேலை கெடக்கு, எங்களுக்கே வேணும். நாளைக்கு வாங்க."

வெறும் கையோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்த என்னை என் கணவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏணி எங்கே என்றார். இல்லையாம் என்றேன், சந்தோஷமாக. அன்றிலிருந்து, நான் ஒன்று கேட்டதும் யாராவது சட்டென்று 'சரி டீச்சர்' என்றால், இவரால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா என்று ஒரு தடவை எனக்குள் கேட்டுப் பார்க்காமல் நான் நன்றி சொல்வதில்லை.